தவறான பிரிவில் குணமான குழந்தை

லிஃப்ட்காரருக்கு அதுவரை யாரும் இருபத்திரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்தது கிடையாது. அவருடைய வேலை உத்தரவே அரைப் பக்கம்தான். அதனால் ஆய்வு மையத்தின் கண்ணாடி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் காகிதக் கத்தையை வாங்கியபோது, தன் மகளின் சங்கடத்தை இவ்வளவு பெரிய இடம் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். எதிரே அவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வரிவரியாகப் படித்தால், நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்திரண்டு இடத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மனிதர் பன்னிரண்டு கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். ஒரு திருகாணியைக்கூட இரண்டு முறை சோதிக்காமல் விடமாட்டார். காகிதம் என்றால் மட்டும் அவருக்குக் கண் கட்டிவிடும்.

மகள் சிட்டுவுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஓட்டப் பந்தயத்தில் முதல், வாய்ப்பாட்டில் முதல், வாயாடுவதில் முதலோ முதல். ராத்திரி தூங்கினால் மட்டும் படுக்கை நனைந்துவிடும். வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. இந்த வருஷம் அவள் வகுப்பை இரண்டு நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைக்கப் போகிறார்கள். அதற்கு நாலு மாதம் இருந்தது. ஒரு நாள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் முதுகிடம் கேட்டாள்.

"அதுக்குள்ள எனக்குச் சரியாயிடுமாப்பா?"

"ஆயிடும். அதுக்குன்னே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்காம்."

"அங்க எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். வேற ஒரு ஆளுக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அப்படித்தான் இருவரும் மையத்தின் படியேறினார்கள்.

மையத்தின் முழுப் பெயர் குழந்தைப்பருவப் படுக்கை ஈரக் கட்டுப்பாட்டு உயர்நிலை ஆய்வு மையம். சும்மா சொல்லக்கூடாது, பளிங்கு மாதிரி இடம். ஆய்வில் நாற்பது குழந்தைகள், அவர்களைக் கவனிக்க ஐம்பத்தொன்பது ஊழியர்கள். நுழைந்ததும் சுவரில் 'ஒவ்வொரு துளியும் எங்கள் கவனத்தில்' என்று ஆளுயர எழுத்து. குழந்தைகளின் பெயரை அங்கே உச்சரிக்கவே கூடாது. ரகசியம் காக்கப்பட வேண்டும். எனவே ஆளுக்கு ஒரு எண். சிட்டுவுக்குப் பதினேழு. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் நடுவில் நின்று, ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்: "பதினேழு, மூத்திரம் கொண்டுவந்தாச்சா?" சிட்டு எழுந்து போவாள். கூடமே திரும்பிப் பார்க்கும். ஆனால் யாருக்கும் அவள் பெயர் தெரியாது.

அவளுக்கு ஒரு ஈர மணி கொடுத்தார்கள். படுக்கை விரிப்புக்கு அடியில் ஒரு தகடு, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஈரம் பட்ட மாத்திரத்தில் மணி அடிக்கும், குழந்தை விழித்துக்கொள்ளும், நாளடைவில் உடம்பே பழகிவிடும். பதினாறு வாரம். தினமும் காலையில் விரிப்பைச் சுருட்டி, பையில் போட்டு, வாயை ஒட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும். சனிக்கிழமை ஏழு பைகளையும் மையத்துக்குக் கொண்டுபோனால் எடை எழுத்தர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து ஈரத்தை கிராம் கணக்கில் எழுதிக்கொள்வார்.

ஏழு ஈர விரிப்புகளோடு பஸ்ஸில் போவது என்றால் என்னவென்று போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். லிஃப்ட்காரர் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்துவிடுவார். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, மகளுக்காகத்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

மூன்று வாரம் போயிற்று. மணி அடித்த சத்தம் அவருக்கும் கேட்கவில்லை, சிட்டுவின் அம்மாவுக்கும் கேட்கவில்லை. மையத்தில் விசாரித்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மாள் சிரித்தார்.

"அது நுண்ணிய ஒலி சார். குழந்தைங்க காதுக்கு மட்டும்தான் எட்டும். பெரியவங்களுக்குக் கேக்காது."

பிறகு சிட்டுவின் பக்கம் திரும்பி, எல்லாக் குழந்தைகளிடமும் கேட்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"பதினேழு, மணி அடிச்சப்ப நீ ஏன் எந்திரிக்கல?"

சிட்டு அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தெரியல" என்றாள். அந்த அம்மாள் 'முயற்சி போதாது' என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே எழுத்து. அதற்கடுத்த வாரம் சிட்டு, "மணி கேட்டுச்சு, ஆனா எனக்கு எந்திரிக்க முடியல" என்றாள். "குட், இதுதான் முன்னேற்றம்" என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் சிட்டு மெதுவாகச் சொன்னாள். "பொய்ப்பா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. என் காது கெட்டுப்போச்சு போல."

லிஃப்ட்காரர் அன்றிலிருந்து அவளைக் கவனித்தார். வாயாடிப் பெண் இப்போதெல்லாம் அளந்து பேசுகிறாள். தூங்கப் போகுமுன் காதில் விரலை விட்டுக் குடைகிறாள். தண்ணீரே குடிப்பதில்லை. மருந்துக்கடையில் பில் போடும் சிட்டுவின் அம்மாவுக்கு எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"என்னங்க, நமக்குக் கேக்காத மணி, அவளுக்கும் கேக்காத மணி, பின்ன யாருக்குத்தான் அடிக்குது அது? ஊருக்கெல்லாம் மணி ரிப்பேர் பண்றீங்க. வீட்டுல இருக்கறதைத் தெறந்து பாக்க மாட்டீங்களா?"

"ஆஸ்பத்திரிப் பொருள். தொடக்கூடாது."

"சரி, கும்பிட்டுக்கிட்டே இருங்க."

ஏழாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், மனசு கேட்காமல், சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். பேட்டரி இருந்தது, மணியும் இருந்தது. மணிக்குப் போகிற ஒயர் மட்டும் பாதியில் அறுந்து கிடந்தது. அறுந்த முனையை யாரோ நேர்த்தியாக டேப் சுற்றி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வேறு யாராவது அதைப் பார்த்திருந்தால், டேப் சுற்றியது யார், ஏன் என்று கேட்டிருப்பார்கள். அவர் மெக்கானிக். அறுந்த ஒயரைப் பார்த்தால் அவருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். "கம்பெனியில கோட்டை விட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டே பற்றவைப்புக் கம்பியைச் சூடாக்கி ஒயரை ஒட்டினார். தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அடித்தது பாருங்கள் ஒரு அடி, எதிர் வீட்டுக்காரர் பனியனோடு படிக்கட்டுக்கு ஓடிவந்துவிட்டார். சிட்டு காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குக் கேக்குது, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்றிலிருந்து மணி தன் வேலையைப் பார்த்தது. முதல் வாரம் ராத்திரிக்கு மூன்று முறை வீட்டையே எழுப்பியது. இரண்டாம் வாரம் ராத்திரிக்கு ஒரு முறை. மூன்றாம் வாரத்தில் அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. தினமும் காலையில் சிட்டு விரிப்பை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து அப்பாவிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். பத்தாவது வாரத்துச் சனிக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகாத பஸ்ஸில், ஏழு உலர்ந்த விரிப்புகளோடு அப்பாவும் அம்மாவும் மகளும் மையத்துக்குப் போனார்கள்.

எடை எழுத்தர் முதல் பையைத் தராசில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"ஈரம் எங்க சார்?"

"நனையலைங்க" என்றார் லிஃப்ட்காரர், வெட்கமும் பெருமையுமாக.

"அதை எப்படிங்க எழுதறது? பாரத்துல பத்து கிராம்லேருந்துதான் கட்டம் இருக்கு. நனைஞ்சதை நான் அளந்துடுவேன். நனையாததை எப்படி அளக்கறது?" மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேலே ஓடினார்.

அரை மணியில் உலர்வுச் சரிபார்ப்புக் குழு கூடியது. அப்படி ஒரு குழு இருப்பது அதன் உறுப்பினர்களுக்கே அன்றுதான் தெரியும். மூன்று அதிகாரிகள் கையுறை மாட்டிக்கொண்டு விரிப்பின் மூன்று மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து முகர்ந்தார்கள். நடுவில் இருந்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"சோப்பு வாசனை வருது. துவைச்சீங்களா?"

"துவைக்காம விரிப்பாங்களா?" என்றார் அன்று கூட வந்திருந்த சிட்டுவின் அம்மா.

"நனையலைங்கறதுக்கு நேரடி சாட்சி யாராவது உண்டா?"

"நான்தான்" என்று சிட்டு கையைத் தூக்கினாள். குழந்தையின் சாட்சி செல்லாது என்று குறித்துக்கொண்டார்கள். விசாரணை இரண்டு சனிக்கிழமை நீண்டது. மாற்று விரிப்பு கொண்டுவந்திருக்கலாம், குழந்தையை மாற்றியிருக்கலாம் என்று வகை வகையாக எழுதினார்கள். குணமாகியிருக்கலாம் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த லிஃப்ட்காரர், இந்த நல்லவர்களை வீணாகக் குழப்புகிறோமே என்று, ஒயர் அறுந்திருந்த கதையையும் தான் பற்றவைத்த கதையையும் ஒளிக்காமல் சொன்னார். பாராட்டுவார்கள் என்றுகூட அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. ஏனென்றால் உண்மையிலேயே நல்ல பற்றவைப்பு அது.

மூன்று அதிகாரிகளும் கையுறையைக் கழற்றினார்கள். குழந்தையை வெளியே பொம்மைகள் இருக்கிற அறைக்கு அனுப்பிவிட்டு அவரை இயக்குநரிடம் அழைத்துப் போனார்கள்.

இயக்குநர் தேன் குரல் மனிதர். கோபமே வராது. வேலையாளுக்குத் தேநீர் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு குணமாயிட்டா. அது தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா தப்பான பிரிவுல குணமாயிட்டா."

"புரியலைங்க டாக்டர்."

"இருபது குழந்தைக்கு அடிக்கிற மணி. இருபது குழந்தைக்கு அடிக்காத மணி. அடிக்கிற மணி நல்லதுன்னு நிரூபிக்கணும்னா, அடிக்காத மணிக்காரங்க நனைஞ்சுக்கிட்டே இருக்கணும் இல்லையா? குணமாகறதுக்குன்னு தனிப் பிரிவு வெச்சிருக்கோம் சார். எல்லாரும் இஷ்டத்துக்குக் குணமானா ஆராய்ச்சி எப்படிப் பண்றது?"

லிஃப்ட்காரர் அந்த டேப்பை நினைத்துக்கொண்டார். எவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்தார்கள்.

"அப்போ வேணும்னுதான் அறுத்தீங்களா? என் பொண்ணு தன் காது செவிடுன்னு நெனச்சு அழுதிருக்காங்க. வாராவாரம் அவளைக் கூப்பிட்டு, மணி அடிச்சப்ப ஏன் எந்திரிக்கலன்னு கேட்டீங்களே."

"எல்லாக் குழந்தையையும் ஒரே மாதிரி கேக்கணும். பாரபட்சம் காட்டக்கூடாது. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு." இயக்குநர் கத்தையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "பதினாலாம் பக்கம். சில பெட்டிகள் ஒலி எழுப்பாத வகையாக இருக்கலாம். கீழ உங்க கையெழுத்து."

அவருடைய கையெழுத்துதான். அழகாகச் சுழித்துக் கோடு போட்டிருந்தார். எவன் எழுதியது, எவன் போட்டது என்று கத்த வேண்டும் போல இருந்தது. போட்டது தான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டார். ஏமாந்ததைவிட, ஏமாந்ததற்கு ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்பதுதான் அவரை அறுத்தது.

"சரிங்க. நாங்க விலகிக்கறோம். எம் பொண்ணுக்குத்தான் சரியாயிடுச்சே."

"விலகலாம், தாராளமா. ஆனா பள்ளிக்கூடத்துக்கு எங்க கடிதம் வேணும் இல்லையா?"

"பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்க கடிதம்?"

"முகாமுக்கு. பதினோராம் பக்கம் பாருங்க. ஆய்வுல இருக்கற குழந்தையோட விவரத்தைத் தலைமையாசிரியைக்கு அனுப்பியிருக்கோம். முதல் வாரமே போயிடுச்சு. எங்ககிட்டேருந்து உலர்வுக் கடிதம் வந்தாத்தான் முகாமுக்குச் சேத்துக்குவோம்னு அவங்க பதில் போட்டிருக்காங்க."

"ரகசியம்னு சொன்னீங்களே டாக்டர்."

"ரகசியம்தான். அவங்களும் ரகசியத்தைக் காப்பாத்தணும்னா, ரகசியம் என்னன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?" என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

முடிவு இப்படி ஆயிற்று. மிச்சமிருக்கிற நாலு வாரமும் புதிதாக ஒரு அடிக்காத மணியைக் கட்டிக்கொண்டு சிட்டு படுக்க வேண்டும். அதற்கு அரக்கு முத்திரை வைப்பார்கள். பழைய பெட்டியை ஒப்படைத்துவிட வேண்டும். பற்றவைத்த விஷயம் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. ஆய்வு முடிகிற நாளில் கடிதம் கொடுப்பார்கள். லிஃப்ட்காரர் இன்னும் ஒரு கையெழுத்துப் போட்டார். இந்த முறை படித்துப் பார்த்துத்தான் போட்டார். படித்தபோது இன்னும் அசிங்கமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குத் தெரியும் என்பதை மகளிடம் அன்றே சொன்னார். அதை மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. 

"டாக்டருக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே."

"அவங்க என்கிட்ட கேக்காமலே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கேட்டிருந்தார்கள், பதினோராம் பக்கத்தில். "டீச்சர் ஒருத்தருக்குத்தாம்மா தெரியும். அவங்க நல்லவங்க. வேற யாருக்கும் போகாது."

"நிஜமா?"

"நிஜமா."

நாலு வாரம் நனைந்துகொண்டே இரு என்று எந்த அப்பா மகளிடம் சொல்லுவார்? இவரும் சொல்லவில்லை. பழகின உடம்பு பழகினதுதான். மணி அடிக்காமலேயே சிட்டு தானாக எழுந்து போய்விட்டு வந்து படுத்தாள். நாலு வாரமும் உலர்ந்த விரிப்புகளே போயின. இனி கடிதம் கிடைக்காது என்று லிஃப்ட்காரர் பயந்துகொண்டே போனார். இயக்குநர் அவரைக் கட்டித் தழுவாத குறை.

"மகத்தான கண்டுபிடிப்பு சார். அடிக்காத மணியாலயும் குழந்தை குணமாகுது. சத்தமே இல்ல, வீட்டுல யாரும் தூக்கம் கெடறதில்ல. மௌன மணின்னு பேர் வெச்சாச்சு. மணி செய்யற கம்பெனிக்காரங்க துள்ளிக் குதிக்கறாங்க. உள்ள மணியே வைக்க வேண்டாமே."

"ஆனா டாக்டர், நடுவுல ரெண்டு வாரம் அடிச்சுதே. நான் பற்றவெச்சதாலதானே..."

"எந்தப் பெட்டி?" என்று இயக்குநர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்க பதிவேட்டுல பதினேழோட பெட்டி முதல் நாள்லேருந்து கடைசி நாள் வரைக்கும் அடிக்கல. பதிவேடு பொய் சொல்லுமா? கடிதம் தயார். மௌன மணி அறிமுக விழாவுல, மேடையில வெச்சே குடுத்துடறேன். குழந்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"மேடைக்கா? அவளை யாரும் பாக்கக்கூடாதுங்க."

"குழந்தையோட அடையாளம் எங்களுக்கு உயிர் மாதிரி. அதை நாங்க பாத்துக்கறோம்."

மறுத்திருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஏரிக்கரைக்குப் போக இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. சிட்டு புதுத் துண்டு, டார்ச் லைட் எல்லாம் எடுத்துப் பையில் வைத்தாகிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

விழாவுக்குச் சிட்டுவின் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "பெட்ஷீட்டை எடை போட்டவங்க, அடுத்து எம் பொண்ணை எடை போடுவாங்க. நீங்க போய்க் கடிதாசை மட்டும் வாங்கிட்டு வாங்க." அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இங்கே முடிந்திருக்கும். ஆனால் குழந்தை நேரில் வந்தால்தான் கடிதம் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாள் காலையிலேயே போன் பண்ணிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் சிட்டுவுக்கு ஒரு அட்டை முகமூடி மாட்டினார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, நெற்றியில் 17. அந்த மாதிரி முகமூடி அணிந்த குழந்தையை உலகத்தில் யாராலும் அடையாளம் காண முடியாது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லிஃப்ட்காரருக்கு முகமூடி கிடையாது. அப்பாவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

திரை விலகியது. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தார். கண் பழகியதும் முன்வரிசையைப் பார்த்தார். தலைமையாசிரியை, சிறப்பு விருந்தினர் என்ற அட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், விழிப்புணர்வுக்காக அழைத்து வரப்பட்ட மாணவர்கள், சீருடையில், நாலாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும்.

அவர் கையில் இருந்த சின்னக் கை சில்லிட்டுப் போனது. திரும்பி நடக்கலாம் என்றால் பின்னால் இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார்.

"மதிப்புக்குரிய பெரியோர்களே. இந்தக் குழந்தை யாருன்னு நான் சொல்ல மாட்டேன். என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன். பதினேழு, அவ்வளவுதான். எட்டு வயசுக்கு மேலயும் படுக்கையை நனைக்கிற இந்த மாதிரிக் குழந்தைங்க எவ்வளவு கூனிக் குறுகிப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தை மதிக்கறதுதான் எங்க மையத்தோட அடிப்படை. ஆனா, இந்த வெற்றிக்குப் பின்னால இருக்கற அப்பாவை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தியே ஆகணும். சாதாரண மனுஷர். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். தினமும் தன் பொண்ணை சைக்கிள்ல வெச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போற பாசமான அப்பா. பலத்த கைதட்டல் குடுங்க."

கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்போது மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், கணக்குக்கு விடை தெரிந்த சந்தோஷத்தில் சொன்னது.

"மிஸ், அது சிட்டுவோட அப்பா."

அந்த வரிசை திரும்பியது, அடுத்த வரிசை திரும்பியது. முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து. தலைமையாசிரியை உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கிவிட்டு, முகமூடியைப் பார்த்து ஆதரவாகப் புன்னகை செய்தார். முகமூடிக்குள் சிட்டு அழுதாளா என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. அழுதாலும் வெளியே தெரியாதபடி நல்ல அட்டையில்தான் செய்திருந்தார்கள். இயக்குநர் உறையிட்ட கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். கூட்டம் மறுபடி கைதட்டியது. லிஃப்ட்காரர் அந்த மேடையில் நின்றபடியே, தான் முட்டாள் இல்லை, அதைவிட மோசம், காட்டிக் கொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை சிட்டு அவர் கையைப் பிடிக்கவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மா கதவைத் திறந்ததும் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். 'இக்குழந்தை உலர்ந்தது என்று சான்றளிக்கப்படுகிறது' என்று அதில் இருந்தது. மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. சிட்டுவின் அம்மா அதை நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முகாமுக்கு பஸ் புறப்படுகிற வெள்ளிக்கிழமை காலையில் சிட்டு வயிறு வலிக்கிறது என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பையில் இருந்த டார்ச் லைட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். வயிற்றுவலிக்கு மருந்து கொண்டுபோன அப்பாவிடம், "வேணாம், சரியாப் போச்சு" என்றாள், வேற்று மனிதரிடம் சொல்வதைப் போல மரியாதையாக.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அம்மாள் போனில் வந்தார். ஆய்வு முடிந்து பத்தாவது நாள், இறுதிக் கேள்விகள். லிஃப்ட்காரர் வேலைக்குப் புறப்பட்டு, முன்னறையில் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தார்.

"மையத்தோட சேவை திருப்தியா இருந்துச்சா சார்? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க."

"அஞ்சு போட்டுடறேன் சார். அடுத்த கேள்வி."

அப்போதுதான் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. சிட்டுவின் அம்மா அந்த நேரத்தில் துவைக்க மாட்டார். போனைக் காதில் வைத்தபடியே இரண்டு எட்டு உள்ளே போனார். கதவு ஒருக்களித்திருந்தது. பெரிய வாளிக்குள் விரிப்பைத் திணித்துத் திணித்து அமுக்கிக்கொண்டிருந்தாள் சிட்டு. அவள் அம்மா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எத்தனை நாளாடி இப்படி?"

"அந்த விழாவுக்கு மறுநாள்லேருந்து."

"ஏன்டி சொல்லல? அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நீ எல்லாத்தையும் அவர்கிட்டதானே சொல்லுவ."

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா." குழாய்ச் சத்தத்துக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது. "சொன்னா இதையும் கொண்டுபோய்க் குடுத்துடுவாரு."

லிஃப்ட்காரர் அந்த இரண்டு எட்டையும் பின்னால் எடுத்து வைத்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? கடைசிக் கேள்விதான். பதினேழு இப்பவும் உலர்ந்துதானே இருக்கு? உண்மையைச் சொல்லுங்க சார், மௌன மணி அடுத்த மாசம் எல்லா ஊருக்கும் போகுது. ஒரு நாள் நனைஞ்சிருந்தாலும் நாங்க பதிவு பண்ணணும். ஆள் அனுப்பி விவரம் எழுதிக்கணும்."

சொன்னால் மையம் பொய்யாகும், மௌன மணி பொய்யாகும், இயக்குநரின் தேன் குரல் ஊர் அறிய உடையும். அந்த மூன்றையும் உடைக்க அவருக்குக் கை துறுதுறுத்தது. விழா முடிந்த நாளிலிருந்து தூங்காமல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

அவர் பின்பக்கம் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு நாள்கூட நனையலைங்க" என்றார்.